கல் சுவரில் ஒரு சாய்ந்த துவாரம்

நியூ ஜெர்சியில் நாங்கள் முருகனைக் கும்பிட்டது ஒரு பழைய சர்ச்சில். கோயில் இருந்தது, ஆனால் ஒரு மணி நேரம் டிரைவ் பண்ண வேண்டும். அதனால் வெஸ்ட் வின்ட்சர் பக்கம் இருந்த இருபத்திரண்டு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, சனிக்கிழமை மத்தியானம் மட்டும் அந்த இடத்தை எடுத்திருந்தோம். சர்ச்காரர்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாகக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பழையது சின்னதாக, கருங்கல்லில், எப்போதும் ஈரம் கசிகிற மாதிரி இருக்கும். பெஞ்சுகளை எடுத்துவிட்டுக் கார்ப்பெட் போட்டிருந்தார்கள். அவர்களுடைய மேடைக்கு முன்னால் ஒரு மடக்கு மேசையைப் போட்டு, பட்டுத்துணி விரித்து, முருகன் படத்தை வைப்போம். கற்பூரம் ஏற்றக் கூடாது, மேலே புகை மணி அலறிவிடும். பேட்டரி விளக்குதான். நாலு மணிக்குப் பஜனை ஆரம்பித்தால் ஆறு மணிக்குள் புளியோதரை டிரே காலியாகி, சாமி யாராவது ஒருவர் கார் டிக்கியில் ஏறிவிடுவார். தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழில் நடந்ததைச் சொல்கிறேன்.

மேடைக்கு வலது பக்கம் ஓர் அறை உண்டு. பாதிரியார் அங்கி மாற்றுகிற அறையாக இருந்ததாம். ஜன்னல் கிடையாது. ஒரே ஒரு கதவு. அதன் சுவரில், என் கழுத்து உயரத்தில், ஒரு துவாரம். சுவர் ஒரு முழத்துக்கு மேல் கனம். துவாரத்தை நேராகக் குடையாமல் சாய்வாகக் குடைந்திருந்தார்கள். கண்ணை வைத்துப் பார்த்தால் மேடையின் நடுவும், இப்போது அங்கே வைத்திருக்கிற முருகன் முகமும் தெரியும். வேறொன்றும் தெரியாது. உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் ஒரு தலைகூடத் தெரியாது.

சாவிக்கொத்தோடு வந்து கதவு திறந்துவிடும் வெள்ளைக்கார அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். நான் அந்த ஓட்டையை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவர்தான் அது என்ன என்று சொன்னார். நான் பத்தாவது வரை படித்தவள், எனக்குப் புரியட்டும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். இங்கிலாந்தில் பழைய சர்ச்சுகளில் இந்த மாதிரி இருக்குமாம். தொற்று வியாதிக்காரர்களை உள்ளே விடமாட்டார்கள், அவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பூசையைப் பார்ப்பார்களாம். அதெல்லாம் கதை, மணியடிக்கிறவர் பூசை எது வரைக்கும் வந்திருக்கிறது என்று பார்க்க வைத்தது என்று சொல்கிறவர்களும் உண்டாம். இந்தச் சர்ச்சைக் கட்டியவர் அங்கிருந்து வந்தவர், சொந்த ஊர் சர்ச் மாதிரியே இருக்கட்டும் என்று ஓட்டையையும் வைத்துவிட்டார். "இங்கே எந்த நோயாளியும் இதில் கண் வைத்ததில்லை" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

எனக்கு மணியடிக்கிறவர் கதை மனதில் நிற்கவில்லை. உள்ளே வர முடியாதவர்களுக்கும் சாமி முகம் தெரிய வேண்டும் என்று யாரோ ஒருவர் இவ்வளவு கனமான கல்லைக் குடைந்திருக்கிறாரே என்று கண் கலங்கியது. உடனே எனக்கு எங்கள் பெண்கள் ஞாபகம் வந்தது. மாதத்தில் அந்த மூன்று நாள் வந்தால் நாங்கள் பஜனைக்கு வரமாட்டோம். வீட்டில் ஒரே கார். பிள்ளைகளையும் கணவரையும் அனுப்பிவிட்டு அபார்ட்மென்ட்டில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பார்க்கிங்கில் காருக்குள். "இனிமே அந்த ரூம்ல உக்காந்துக்கலாம், சாமி தெரியுது" என்று நான்தான் எல்லாரிடமும் சொன்னேன். எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. ஒரு மடக்கு நாற்காலி போட்டார்கள். தூரமான பெண்கள் பக்கவாசல் வழியாக வந்து அந்த அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, ஒருத்தி மாற்றி ஒருத்தி துவாரத்தில் கும்பிடுவார்கள். நல்ல காரியம் செய்தோம் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

தீபாவளி கழித்து எனக்கு இருமல் பிடித்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஹீட்டர் காத்துங்க. ட்ரையா இருக்கும். ஹ்யூமிடிஃபையர் வாங்கிப் போடுங்க" என்றார் பஜனைக்கு வருகிற ஒரு அங்கிள்.

"கார்ப்பெட் தூசி. எனக்கும் இப்படித்தான் இருந்துது" என்றார் இன்னொரு ஆன்ட்டி.

சித்தரத்தை, மிளகு, ஐசலின் ஊர் இந்தியக் கடையில் வாங்கிய கஷாயப்பொடி எல்லாம் போட்டுப் பார்த்தேன். புடவைக்குள் இடுப்பு மெலிந்துகொண்டே போயிற்று. சாயங்காலமானால் ஜுரம் மாதிரி ஒரு கதகதப்பு. தை மாதத்தில் ஒரு காலை, பல் தேய்க்கும்போது இருமினேன். வெள்ளை சிங்க்கில் சிவப்பு நூல் போல ரத்தம் ஓடியது.

எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் சித்தப்பா இந்த வியாதியில்தான் போனார். குழாயைத் திறந்துவிட்டேன். போய்விட்டது. மறுநாளும் வந்தது.

என் கணவரிடம் ஏன் சொல்லவில்லை என்று பின்னால் எல்லாரும் கேட்டார்கள். அவருடைய விசா ஆறாவது வருஷத்தில் இருந்தது. கிரீன் கார்டு வரவில்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அதற்கு முன் எங்களுக்கு மெடிக்கல் செக்கப் உண்டு. தினமும் சாப்பிடும்போது அதே பேச்சு. "மெடிக்கல் முடியற வரைக்கும் யாரும் டாக்டர்கிட்டப் போய் எதையும் எழுதி வாங்கிட்டு வராதீங்க. ரெக்கார்டுல ஏறிடுச்சுன்னா அவ்வளவுதான்" என்பார். நான் தலையை ஆட்டிக்கொண்டே ரசம் ஊற்றுவேன்.

முருகனிடம் மட்டும் சொன்னேன். நாற்பத்தெட்டு நாள் விரதம் இருக்கிறேன், அதற்குள் இதை எடுத்துவிடு, பழனிக்கு வந்து முடி கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். முழு மனசோடுதான் வேண்டினேன். அந்த விரதத்தையே வீட்டில் சாக்காகவும் வைத்துக்கொண்டேன். ஹாலில் தனியாகப் பாய். தனித்தட்டு, தனி டம்ளர். நாலு வயது மகளைப் பக்கத்தில் சேர்க்கவில்லை.

"வொய் அம்மா? ஆர் யூ மேட் அட் மீ?" என்று தலையணையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பாள்.

"இல்லடா கண்ணு, அம்மா சாமிக்கு விரதம். அப்பாகிட்டப் போய்ப் படுத்துக்கோ."

சனிக்கிழமைக்குத்தான் வழி தெரியவில்லை. சாமி முன்னால் போகாமலும் இருக்க முடியாது, இருபத்திரண்டு குடும்பத்துக்கு நடுவில் போய் இருமவும் முடியாது. அப்போது அந்த அறை ஞாபகம் வந்தது. அந்த அம்மா சொன்னதும் ஞாபகம் வந்தது. அது எனக்காகவே குடைந்த துவாரம் என்று நினைத்துக்கொண்டேன். பனிக்காலத்தில் மற்ற பெண்கள் தூரமென்றால் வீட்டிலேயே இருந்துவிட்டதால் அறை காலியாகத்தான் கிடந்தது, தூரம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். யார்மீதும் என் மூச்சுப் படாது, சாமி முகம் தெரிகிறது, இது போதும் என்று மனது லேசாயிற்று. கல்லில் கன்னத்தை வைத்தால் ஜுரத்துக்கு ஜில்லென்று இருந்தது.

அடுத்த சனிக்கிழமை கதவைத் திறந்துகொண்டு ஒருத்தி உள்ளே வந்தாள்.

எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு அடுத்த கதவு அவள் வீடு. சென்னைக்காரி. என்னைவிடப் பத்து வயது சின்னவள். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, கடைக்குப் போனாலும் மகளை லைப்ரரிக்குக் கூட்டிப்போனாலும் அவள் காரில்தான். கையில் நாலு மாதக் குழந்தை.

"என்னக்கா, இந்த வாரமும் தூரமா? போன சனிக்கிழமைதானே உள்ள உக்காந்திருந்தீங்க?"

"ஒழுங்கா வர மாட்டேங்குதும்மா. நீ வெளிய போ."

"உங்களுக்கு மட்டும் மாசத்துல நாலு வாட்டியா? பேப்பர்ல போட்டோ போடணும்க்கா உங்களை."

"விளையாடாதே. தொட்டா ஒட்டிக்கும். குழந்தையத் தூக்கிட்டுப் போ."

அவள் கார்ப்பெட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "பால் குடிக்கிற குழந்தைக்கு ஏதுக்கா தீட்டு? உங்க ஊர்ல ஏதாச்சும் புது சட்டமா? அங்க உக்காந்தா இவன் கத்துறான், முன்னாடி இருக்கிற அங்கிள் திரும்பித் திரும்பி மொறைக்கிறாரு. இங்கதான் நல்லா கதகதன்னு இருக்கு. உங்களுக்கும் தொணையாச்சு." சொல்லிக்கொண்டே, குழந்தை சத்தம் வெளியே போகாமல் இருக்கக் காலால் கதவைத் தள்ளிச் சாத்தினாள்.

அவள் சொன்னது சரிதான். கைக்குழந்தைக்குத் தீட்டு இல்லை. எங்கள் பக்கமும் அதுதான் வழக்கம். எவ்வளவோ பொய் இருக்க, குழந்தையைத் தள்ளி வைக்க முடியாத ஒரு பொய்யைத் தேர்ந்தெடுத்துச் சொல்லியிருக்கிறேன் என்பது அந்த நிமிஷம் எனக்குப் புரிந்தது. உண்மையைச் சொன்னால் எழுந்து ஓடிவிடுவாள். மறுநாள் இருபத்திரண்டு வீட்டுக்கும் தெரியும். கிரீன் கார்டு போகும். நான் வாயை மூடிக்கொண்டேன்.

துவாரத்தில் ஒரு ஆள்தான் பார்க்க முடியும். "கொஞ்சம் வச்சுக்கோங்கக்கா, ஒரு கண்ணு சாமியப் பாத்துக்கறேன்" என்று குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு அவள் எழுந்துபோய்க் கண்ணை வைத்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். குழந்தை கையை நீட்டித் தலைப்பைப் பிடித்து இழுத்தது. நான் பொத்தினேன். அது இழுத்தது. விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. இருமல் நெஞ்சு வரைக்கும் வந்து நின்றது, அடக்கினேன், கண்ணில் தண்ணீர் வந்தது, அடக்க முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி இருமினேன்.

"ஹீட்டர் காத்துதான்க்கா உங்களைப் படுத்துது" என்றாள் அவள், துவாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

இப்படி ஆறு சனிக்கிழமை. ஒவ்வொரு வாரமும் இந்த வாரம் வரமாட்டாள் என்று நினைப்பேன். குழந்தைக்கு அந்த அறை பழகிவிட்டது, வேறெங்கேயும் தூங்கமாட்டேன் என்கிறது என்பாள். நானாவது போகாமல் இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். விரதத்துக்கு நடுவில் சாமியைப் பார்க்காமல் ஒரு வாரம் விட்டால் பலிக்காது என்று பயந்தேன். அவ்வளவுதான் என் அறிவு.

ஆறாவது சனிக்கிழமை குழந்தை சுருண்டு கிடந்தது. "நேத்துலேர்ந்து ஜுரம்க்கா. பால் வாய் வைக்க மாட்டேங்கறான். இருமறான் வேற" என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. குழந்தை இருமியது. சின்ன இருமல், பூனைக்குட்டி தும்முகிற மாதிரி. அந்த அறையில் அது எனக்கு அவ்வளவு பெரிதாகக் கேட்டது.

நான் எழுந்து துவாரத்தில் கண்ணை வைத்தேன். முருகன் முகம் எப்போதும் போலத் தெரிந்தது. சாமி முகத்தைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாதபடி, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதே தெரியாதபடி அதைக் குடைந்திருந்தார்கள். எவ்வளவு நேரம் பார்த்தும் எனக்கு வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை. என் முதுகுக்குப் பின்னால் குழந்தை மறுபடி இருமியது.

திரும்பி வரும் வழியில், மகள் பின் சீட்டில் தூங்கிய பிறகு, என் கணவரிடம் சொன்னேன். அவர் காரை ஒரு கடையின் பார்க்கிங்கில் ஓரம் கட்டினார். இஞ்சினை நிறுத்தவில்லை. வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளா?"

"தையிலேர்ந்துங்க. ரத்தம் வருது."

"பாப்பா?"

"பாப்பாவக் கிட்டவே சேக்கலை. விரதம்னு சொன்னது அதுக்குத்தான்."

பின் சீட்டில் தூங்குகிறவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அந்தக் குழந்தைக்குச் சாதாரண சளியா இருக்கும். வின்டர்ல எல்லாக் குழந்தைக்கும் வருது. மெடிக்கலுக்கு இன்னும் அஞ்சு வாரம். அது முடிஞ்சிரட்டும், நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

"அதுலயே எக்ஸ்ரே எடுப்பாங்களாமேங்க."

அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. ஐந்து வருஷமாக அந்த ஒரு தாளுக்காகவே மூச்சுவிட்டுக்கொண்டிருந்தவர். என் மாதிரியே அவரும் பயந்தவர்.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. போனை எடுத்தேன். அவர் பார்த்தார், தடுக்கவில்லை.

"சொல்லுங்கக்கா."

"குழந்தை எப்படி இருக்கான்?"

"தூங்கறான். நூத்தி ஒண்ணு இருக்கு. ஏன் உங்க குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"எனக்குத் தூரமே இல்லைம்மா. எந்த வாரமும் இல்லை. எனக்கு டி.பி.ன்னு நினைக்கிறேன். ரத்தம் வருது. நீ குழந்தையத் தூக்கிட்டு இப்பவே எமர்ஜென்சிக்குப் போ. நான் ஆறு வாரமா பக்கத்துல இருந்தேன்னு சொல்லு. என் பேரைச் சொல்லு."

அந்தப் பக்கம் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. யாரோ சிரித்தார்கள்.

"நீங்க இவனை மடியில வச்சிருந்தீங்களேக்கா" என்றாள். சண்டை போடுகிற குரல் இல்லை அது. ஏதோ கணக்குப் புரியாதவள் கேட்கிற மாதிரி கேட்டாள். போனை வைத்துவிட்டாள்.

என்னை ஆஸ்பத்திரியில் பத்து நாளுக்கு மேல் தனி அறையில் வைத்தார்கள். கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அதன் வழியாகத்தான் நர்ஸுகள் என்னைப் பார்ப்பார்கள். என் கணவர் மகளைத் தூக்கி அந்தக் கண்ணாடியில் காட்டுவார். அவள் மூக்கை நசுக்கி வைத்துக்கொண்டு பார்ப்பாள். ஏதோ பேசுவாள், கேட்காது. கட்டிலில் மாஸ்க் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கையை ஆட்டுவேன். எந்தப் பக்கம் நின்று எதைப் பார்க்க ஆசைப்பட்டேன், எந்தப் பக்கம் வந்து சேர்ந்தேன் என்று நினைத்துக்கொள்வேன்.

கவுன்டி சுகாதார ஆபீஸிலிருந்து ஒரு நர்ஸ் வந்தார். யார் யாரோடு, எந்த இடத்தில், எவ்வளவு நேரம் ஒரே காற்றை மூச்சு விட்டேன் என்று கேட்டார். அந்த அறையைப் பற்றிச் சொன்னேன். நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முகம் மாறியிருந்தது. ஜன்னல் இல்லாத சின்ன அறை, கதவையும் சாத்தியிருக்கிறீர்கள், இதைவிட மோசமான இடம் கிடைக்காது, பெரிய ஹாலில் ஒரு ஓரமாகக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்கூட இவ்வளவு ஆபத்து இல்லை என்றார். தீட்டு என்றால் தொட்டால் ஒட்டும் என்றுதான் எனக்குச் சொல்லி வளர்த்தார்கள். இது தொடாமலே ஒட்டுகிற வியாதி. ஒதுங்கி நின்றால் போதும் என்று நினைத்தேன். ஒதுங்கிய இடத்திலேயே அதை அடைத்து வைத்திருந்தேன்.

பஜனைக்கு வருகிற எல்லாருக்கும் கையில் ஊசி போட்டுப் பார்த்தார்கள், கிருமி உள்ளே போயிருந்தால் அந்த இடம் வீங்குமாம். இந்தியாவில் சின்ன வயதில் தடுப்பூசி போட்டவர்களுக்கு அது வீங்கத்தான் செய்யுமாம். இது யாருக்குத் தெரியும்? "உங்களால எல்லார் கையிலயும் கொழுக்கட்டை மாதிரி வீங்கி நிக்குது. எங்க கிரீன் கார்டுக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?" என்று ஒரு அங்கிள் போனில் கத்தினார். எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுத்து, ஒன்றும் இல்லை என்றார்கள். எங்கள் கிரீன் கார்டும் போகவில்லை. மருந்து சாப்பிட்டு முடித்ததற்குத் தாள் காட்டினால் போதுமாம். தாமதமானதே தவிர வந்துவிட்டது. எதற்குப் பயந்து எல்லாவற்றையும் மறைத்தேனோ, அது ஒரு தாளில் தீர்ந்தது.

தீராதது அந்தக் குழந்தை விஷயம்.

அன்றைய ஜுரம் காதில் வந்த சீழ்தான், நாலு நாளில் இறங்கிவிட்டது. ஊசியிலும் முதல் தடவை ஒன்றும் காட்டவில்லை. ஆனால் கிருமி உள்ளே போயிருந்தால் இப்போது தெரியாது, பத்து வாரம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும், அதுவரைக்கும் தினம் மருந்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவ்வளவு சின்னக் குழந்தைக்கு வந்தால் மூளைக்கே போய்விடுமாம். இதை என் கணவர் எனக்குச் சொல்லவில்லை. நர்ஸ் கொடுத்த தாளில் இருந்ததை நானே எழுத்துக்கூட்டிப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பத்து வாரம் எப்படிப் போயிற்று என்று எழுதத் தெரியவில்லை. வீட்டில் இருந்தேன். தினம் காலையில் நர்ஸ் வந்து நான் மாத்திரை விழுங்குவதை நின்று பார்ப்பார். அந்த மாத்திரையில் வியர்வை, கண்ணீர் எல்லாம் ஆரஞ்சு நிறமாகிவிடும். துடைத்த துணி கறையாகும், அதனால் அழுதால் மறைக்க முடியாது. குழந்தை எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேட்பேன். அடுத்தவர் வியாதியைப் பற்றிப் பேசக் கூடாது என்று தலையை ஆட்டிவிடுவார்.

எங்கள் ஹாலுக்கும் அவள் பெட்ரூமுக்கும் நடுவில் ஒரே அட்டைச் சுவர். பகலெல்லாம் அந்தச் சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். குழந்தை அழுதால் எனக்கு உயிர் வரும், அழுகிற அளவுக்குத் தெம்பு இருக்கிறதே என்று. இருமினால் முருகா முருகா என்று எண்ணிக்கொண்டிருப்பேன். சில நாள் ஒரு சத்தமும் இருக்காது. அந்த நாட்கள்தான் மோசம். நாற்பத்தெட்டு நாள் விரதத்தை ஆஸ்பத்திரிக்குப் போனபோதே விட்டுவிட்டேன். எனக்காக எதுவும் கேட்கவில்லை. இருக்கிறதை எல்லாம் எடுத்துக்கொள், அந்தப் பிள்ளையை விடு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் மகளுக்கு இரண்டு தடவையும் ஊசியில் ஒன்றும் காட்டவில்லை. அவளுக்கு ஒட்டவேயில்லை. பெற்ற பிள்ளையைப் பாயை விட்டுத் தள்ளிப் படுக்கவைத்தவள், பக்கத்து வீட்டுப் பிள்ளையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டேன். சந்தோஷப்படக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

அவள் குழந்தைக்கு இரண்டாவது தடவை வீங்கிவிட்டது. பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனில் டிரெயினுக்கு நிற்கும்போது அவள் கணவர் என் கணவரிடம் சொன்னாராம். "உள்ள போயிருக்கு. எக்ஸ்ரே க்ளியர். வியாதியா மாறலை. ஒம்போது மாசம் மருந்து." அதைச் சொல்லிவிட்டு அடுத்த பெட்டியில் போய் ஏறிக்கொண்டாராம்.

ஆடிக் கிருத்திகை ஒரு சனிக்கிழமை வந்தது. என்னிடமிருந்து இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் எப்போதோ லெட்டர் கொடுத்துவிட்டார். "போகத்தான் வேணுமா?" என்றார் என் கணவர். போனேன்.

ஹாலில் கதவை ஒட்டி உட்கார்ந்தேன். என்னைச் சுற்றிக் கார்ப்பெட் தானாகக் காலியாயிற்று. சாமியைக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தபோது, மேடைக்கு வலது பக்கச் சுவர் கண்ணில் பட்டது. இத்தனை நாளில் அந்தத் துவாரத்தை ஹால் பக்கத்திலிருந்து நான் உற்றுப் பார்த்ததில்லை. கல்லில் ஒரு கறுப்புக் கீறல், அவ்வளவுதான். அந்தக் கறுப்புக்குள் ஏதோ அசைந்தது. பாட்டுக்கு நடுவில் உள்ளேயிருந்து கொலுசு மணி மாதிரி ஒரு சத்தம் வந்தது.

தள்ளி உட்கார்ந்திருந்த ஆன்ட்டியிடம் குனிந்து கேட்டேன். "உள்ள யாரு ஆன்ட்டி?"

"அந்தப் பொண்ணுதான். குழந்தைக்கு மருந்து முடியற வரைக்கும் உள்ளயே உக்காரட்டும்னு கமிட்டில பேசி முடிவு பண்ணாங்க. எல்லார் வீட்லயும் சின்னதுங்க இருக்குல்ல."

"அந்தக் குழந்தைகிட்டேர்ந்து யாருக்கும் ஒட்டாது ஆன்ட்டி. டாக்டரே சொல்லியிருக்காங்க."

"டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க." என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீகூடத்தான் தூரம்னு சொன்னே."

அந்த அறைக்கு ஆட்களை அனுப்புகிற வழக்கத்தை ஆரம்பித்துவைத்தவள் நான். அதை யாரும் எனக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. எழுந்தேன். பாட்டு ஒரு வினாடி தடுக்கியது. என் கணவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஹாலைக் குறுக்கே கடந்து போய், சாத்தியிருந்த கதவைத் தள்ளினேன்.

அவள் முதுகைக் காட்டிக்கொண்டு துவாரத்தில் கண்ணை வைத்து நின்றுகொண்டிருந்தாள். குழந்தை நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. பத்து மாதம் ஆகியிருந்தது, கீழே இரண்டு பல். காலில் கொலுசு. என்னைப் பார்த்ததும் தலைப்பைப் பிடிக்க ஒரு கையை நீட்டியது. நான் வாசல்படியைத் தாண்டவில்லை.

"யாரு?" என்றாள், திரும்பாமல்.

"நான்தான்."

வெளியே ஒரு பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பித்தது.

"இருமல் இருக்கா இன்னும்?"

"இல்லை. லெட்டர் வச்சிருக்கேன்."

"லெட்டர் யாருக்கு வேணும்?"

துவாரத்திலிருந்து கண்ணை எடுத்தாள். கண்ணோரத்தில் கல்லின் அச்சு பதிந்திருந்தது. குனிந்து குழந்தையைத் தன் பக்கம் இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"உள்ள வாங்க. கதவைச் சாத்தாதீங்க."

கதவைச் சுவரோடு சுவராகத் தள்ளி, என் கைப்பையை அதற்கு அண்டை கொடுத்தேன். ஹாலில் இருந்தவர்களுக்கு எங்கள் மூன்று பேரையும் தெரிந்திருக்கும். நான் தரையில் உட்கார்ந்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். குழந்தையை அவள் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.